பல் பிடுங்கும் முகாமின் தலைவர்

அழகரெத்தினம் தலைவர் காலமான செய்தி வட்சப்பில் வந்தது. கிளினிக்கில் ஒரு அம்மாவின் சூத்தைப் பல்லைத் துப்புரவாக்கி அடைத்துக்கொண்டிருந்தேன். வேலையை முடித்து, கையுறையைக் கழற்றிப் போனை எடுப்பதற்குள் இரங்கல்கள் குவிந்துவிட்டன. சமூகச் சிற்பியாம், ஏழைகளின் புன்னகையாம், வாவிக்கரையின் விடிவெள்ளியாம். எழுதியவர்களில் பாதிப் பேர், அவர் ஒலிவாங்கியைப் பிடித்தவுடன் தேத்தண்ணி குடிக்க எழுந்து போகிறவர்கள்.

செத்த வீட்டில் அவருடைய மகன் என்னைத் தனியே கூப்பிட்டார். "டொக்டர், முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒண்டு அடிக்கிறம். அப்பாவப் பத்தி நீங்களும் நல்லதா எழுதித் தாங்க" என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். நல்லதாக எழுதுவேன் என்று சொல்லவில்லை. நான் பல் வைத்தியர். தலைவரின் சமூக சேவைச் சங்கம் நடத்திய இலவசப் பல் முகாம்களில் பல வருடம் வேலை செய்தவள். அவரை அறிந்த நீங்கள் இதை வாசித்து முகம் சுளித்தால், சுளித்துக்கொண்டே வாசியுங்கள்.

நான் போன முதல் முகாம் சித்தாண்டியில் நடந்தது. பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. பல் பிடுங்குவதற்கு வாழைமரம் கட்டியதை அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன். தலைவர் வெள்ளை வேட்டி சால்வையோடு நின்று பிரஷ் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வாங்குகிறவர் கமராவைப் பார்க்காவிட்டால் பிரஷைத் திருப்பி வாங்கி மறுபடியும் கொடுப்பார். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"மாறி மாறித் தீட்டட்டும் புள்ள. குடும்பத்தில ஒத்துமையும் வளரும்."

பகிடிக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலைவரை நான் வரிசையில் நின்றவர்களிடம், ஒரே பிரஷை இரண்டு பேர் வாயில் வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சனங்கள் மட்டும் என்ன திறமா? பல்லைப் பிடித்திருக்கும் சதையை நாங்கள் முரசு என்கிறோம். முரசில் இரத்தம் கண்டால் உடனே தீட்டுவதை நிறுத்துவார்கள். நிறுத்தினால் ஊத்தை படிந்து காறையாக இறுகும், முரசு இன்னும் வீங்கும், உள்ளே எலும்பு கரையும், கடைசியில் பல் ஆடும். ஆடின பிறகு வந்து, "பேஸ்ட் சரியில்ல டொக்டர்" என்பார்கள். பல்லுக்குத்துக்கு நோவுக் குளிசையை முரசிலேயே அப்பி, வெந்த வாயோடு வருவார்கள். நான் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நோ நின்ற அன்றே நிறுத்தி, மிச்சத்தை அடுத்த பல்லுக்கென்று அலுமாரியில் வைப்பார்கள். காறையை எடுப்போம் என்றால், எடுத்தால் பல் ஆடும் என்று எனக்கே பாடம் நடத்துவார்கள். பல் ஏற்கனவே ஆடுகிறது, காறைதான் அதை மறைத்து வைத்திருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மெல்லிய பிரஷால் காலையிலும் படுக்குமுன்னும் முரசோரம் பார்த்துத் தீட்டுங்கள், இரத்தம் வந்தாலும் விடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை போய்விட்டது.

இதைச் சொல்ல வேண்டிய ஒலிபெருக்கி தலைவரின் கையில் இருந்தது. அவர் அதில் பிடுங்கிய பற்களின் தொகையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஓட்டம் சொல்வதுபோல அரைமணிக்கு ஒருதரம் புதுத் தொகை வரும், கைதட்டலும் வரும். பல் சுத்தம் செய்யவும் ஒரு மேசை போடுவோம் என்று ஒவ்வொரு முகாமிலும் கேட்டேன். ஒருநாள் பொறுமை இழந்து பதில் சொன்னார்.

"புடுங்கின பல்ல எண்ணலாம் புள்ள. புடுங்காத பல்ல ஆர் எண்ணப் போறான்?"

இந்த வாக்கியத்தை மலரின் அட்டையிலேயே போடலாம். எங்கள் பக்கத்துச் சமூக சேவையின் முழு இலட்சணமும் அதற்குள் அடங்கும்.

அவருடைய சிரிப்பைப் புகழ்ந்து இந்த மலரில் எப்படியும் ஒரு கவிதை வரும். அந்தப் பல்வரிசை கட்டுப்பல். மேலேயும் கீழேயும் முழுதாகவே கட்டுப்பல். பல் வைத்தியருக்கு இதை அறிய வாயைத் திறக்கச் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே எனக்குத் தெரியும். பிறகு ஒருமுறை, மேல்வாய் எரிகிறது என்று மட்டக்களப்பில் என் கிளினிக்குக்கு வந்தார். பார்த்தால் அண்ணம் முழுக்கச் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. இரவிலும் கழற்றாமல் படுக்கிறவர்களுக்கு வரும் புண். கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள், வாய்க்கும் ஓய்வு வேண்டும் என்றேன்.

"ஏலா புள்ள. மனிசிகூட என்ன இது இல்லாமக் கண்டதில்ல."

பூச்சு மருந்து கொடுத்து அனுப்பினேன். பல் முகாமின் தலைவருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை, இதில் வீட்டுக்காரிக்கும் வேஷம் வேறு என்று மனதுக்குள் ஏளனம் செய்தேன். இன்றும் அந்த ஏளனம் போகவில்லை.

பனிச்சங்கேணி முகாமுக்குத் தவமலர் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். வீட்டு வேலைக்கு இரண்டாம் தடவையாக வளைகுடாவுக்குப் போக ஆயத்தமாக இருந்தாள்.

"முன்னால கிடக்கிற எல்லாத்தையும் புடுங்கி விடுங்க டொக்டர். கட்டுப்பல் போட்டுட்டுப் போறன்" என்றாள்.

பார்த்தேன். முரசு வீங்கியிருந்தது. காறை பிடித்திருந்தது. முன்பற்கள் இலேசாக ஆடின. ஆனால் எலும்பு நிறைய மிச்சம் இருந்தது. சுத்தம் செய்து ஒழுங்காகத் தீட்டினால் நிற்கக்கூடிய பற்கள். பின்னால் ஒரே ஒரு கொடுப்புப் பல்தான் தப்பாது. அதைச் சொன்னேன்.

"நீங்க சொல்லுவீங்க. போன முறை அங்க முரசு பொங்கி முகமெல்லாம் வீங்கின. மேடம் குளிசை தந்தா, டொக்டரிட்டக் கூட்டிப் போகல்ல. அந்த நோவோடதான் அவங்கட வீடெல்லாம் துடைச்சன். பல் இல்லாட்டி நோவும் இல்லத்தானே."

நான் மாட்டேன் என்றால் அவள் அடுத்த கதிரையில் போய்க் குந்துவாள். அந்தக் கதிரையில் நின்ற வைத்தியர் கேட்டதைப் பிடுங்கிக் கொடுக்கிறவர். அவள் எழும்பியும் விட்டாள். அப்போதுதான் தலைவர் வந்தார்.

"என்ன இஞ்ச தாமதம்? வரிசை நிக்குது."

கோபத்தோடுதான் விஷயத்தைச் சொன்னேன். ஒரே வாயில் இத்தனை பற்கள், அவருக்குக் கொண்டாட்டம் என்றே நினைத்தேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கதிரைக்கு முன்னால் கட்டியிருந்த திரைச்சீலையை இழுத்து மூடினார். சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழ்ப்பல்லையும் மேற்பல்லையும் கழற்றி, மடியிலிருந்த லேஞ்சித் துணியை விரித்து அதில் வைத்து நீட்டினார். கன்னம் இரண்டும் உள்ளே விழுந்து, மூக்கும் நாடியும் கிட்டக் கிட்ட வந்து, எனக்குத் தெரியாத ஒரு கிழவர் அங்கே நின்றார். மேடையில் அப்படி முழங்குகிற மனிதருக்குப் பாதிச் சொல் காற்றாகப் போனது.

"பாரு புள்ள. இதான் புடுங்கின வாய். எனக்கும் ரெத்தம் வந்த. தீட்டுறத உட்டன். நொந்த பல்லெல்லாம் புடுங்கினன். முரசு வத்த வத்த இது கழண்டு கழண்டு உழும். உரசினாப் புண்ணு. இதுவும் நோகும். அங்க போய் உடைஞ்சா ஆரு ஒட்டித் தாற? வாவி நண்டு ஒண்டக் கடிச்சு எத்தின காலம் எண்டு எனக்கே தெரியா."

தவமலர் லேஞ்சியைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள். திரைச்சீலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போடுங்க தலைவர். ஆராவது கண்டிருவாங்க."

அவர் போட்டுக்கொண்டார். அவள் திரும்பி வந்து என் கதிரையில் இருந்து, "அந்தக் கொடுப்புப் பல்ல மட்டும் எடுங்க" என்றாள். பயணத்துக்கு முன் கிளினிக்குக்கும் வந்து முரசு முழுதும் சுத்தம் செய்துகொண்டாள். தன் முன்பற்களோடுதான் விமானம் ஏறினாள். தலைவர் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், அவளுடைய அந்த ஒற்றைப் பல்லையும் விடாமல் சேர்த்து ஒலிபெருக்கியில் தொகை சொன்னார். கைதட்டலும் வாங்கினார்.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் என் காதோடு சொன்னார்: "நான் இருக்கு மட்டும் வாயத் திறக்காத புள்ள. செத்தாப் பிறகு உன்ட இஷ்டம்." அந்த அனுமதியில்தான் இதை எழுதுகிறேன். கட்டுப்பல் விஷயத்தை எழுதப்போகிறேன் என்று அவருடைய மனைவிக்கும் முன்கூட்டியே சொன்னேன். "கலியாணம் கட்டின காலத்திலயே தெரியும்" என்றார் அந்த அம்மா. மனிதர் இத்தனை வருடம் வாயில் புண்ணைச் சுமந்தது இந்த இரகசியத்துக்காகத்தான்.

பொன்னாடைகளையும் படங்களையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மேடைப் பேச்சில் ஒரு வரிகூட என் மனதில் இல்லை. பனிச்சங்கேணியில் பல்லில்லாமல் பேசியது மட்டும் சொல் விடாமல் இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லி வந்து குந்துகிறவர்களுக்கு அந்தப் பேச்சைத்தான் சொல்லிவருகிறேன். ஆரு டொக்டர் அது என்று கேட்பார்கள். எங்கட பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்று மழுப்புவேன். இனிமேல் கேட்டால், அழகரெத்தினம் தலைவர் என்று சொல்லுவேன்.