அரைஞாண் கயிற்றில் ஒரு மைக்ரோசிப்

நாய்க்கு வைப்பதைப் பார்த்துவிட்டு என் அப்பாவுக்கும் ஒரு மைக்ரோசிப் வைத்தவன் நான். இதை எழுதும்போதே காது மடல் சூடாகிறது. ஆனாலும் என்னைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரிலிருக்கும் பெற்றோருக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவராவது தப்பித்துக்கொள்ளட்டும்.

கணிப்பொறி படித்தவனையெல்லாம் உலகம் கைதட்டிக் கூப்பிட்ட காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து மெல்போர்னுக்கு வந்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் கம்பெனி என்னை வெளியே அனுப்பியது. ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குக் கிடைத்தது, தொலைந்துபோன நாய் பூனைகளுக்கான காப்பகம் ஒன்றில் முன்மேசை வேலை. ஊரில் கேட்டால் ‘அனிமல் டேட்டாபேஸ்’ என்பேன். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையசைப்பார்கள். உண்மையில் நான் செய்வது, கொண்டுவரப்படும் ஒவ்வொரு பிராணியின் முதுகிலும் ஸ்கேனரை மெதுவாக ஓட்டுவது. தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், ஒரு நெல்மணி அளவுக்குக் கண்ணாடிக் குப்பி இருக்கும். பீப் என்ற சத்தத்தோடு பதினைந்து இலக்க எண் ஒன்று திரையில் விழும். அதைக் கணினியில் தட்டினால் உரிமையாளரின் பெயரும் தொலைபேசியும் வரும். சில சிப்புகள் நாளடைவில் நகர்ந்து முன்னங்கால்வரை இறங்கிவிடும் என்பதால், தோளில் பீப் வராவிட்டாலும் விடாமல் உடம்பெல்லாம் தேட வேண்டும். வந்த புதிதில் எனக்கு விநோதமாக இருந்தது அந்தத் தேடல் அல்ல, அதன் அமைதி. ஊர் எது, யார் வீடு என்று எவரும் எதையும் கேட்பதில்லை. எண் வந்தால் வீடு உண்டு. வராவிட்டால் இல்லை.

பூனையைத் தொலைத்தவர்கள் மேசைக்கு வந்து, “சிப் இருக்கிறதே, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்பார்கள். சிப்புக்கு அது தெரியாது, யாராவது கண்டெடுத்து, தூக்கிவந்து, ஸ்கேனரை வைத்தால்தான் அது வாயைத் திறக்கும் என்று பொறுமையாக விளக்குவேன். ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது விளக்குவேன். அடுத்தவருக்கு விளக்குவதும் தனக்கு விளங்குவதும் வேறு வேறு காரியங்கள் என்பதற்கு நானே சாட்சி.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். குத்தாலம் பக்கத்து வாய்க்கால்களின் ஷட்டரை ஏற்றி இறக்கி, முறை வைத்து, கடைமடைவரை, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்வரை, தண்ணீர் விடுவது அவர் வேலை. ஓய்வுபெற்ற பிறகு மயிலாடுதுறையில் அக்கா வீட்டில் இருந்தார். அக்கா கிரேஸ் பள்ளிக்கூட ஆசிரியை. மறதி வந்த பிறகு அப்பா இரண்டு முறை விடிந்ததும் ஷட்டர் திறக்கக் கிளம்பிப் போய்விட, தெரிந்தவர்கள் கைபிடித்துக் கூட்டிவந்தார்கள். விடுமுறையில் போன நான் நிபுணனாகக் களத்தில் இறங்கினேன். கடைத்தெருவில் ஒரு செப்புத் தாயத்து வாங்கினேன். சிறு காகிதத்தில் அப்பாவின் பெயர், அதன் கீழே என் பெயர், என் மெல்போர்ன் எண், சர்வதேசக் குறியீட்டோடு. சுருட்டி உள்ளே வைத்து, தண்ணீர் புகாமல் அரக்கு வைத்து மூடினேன்.

“கழுத்துல கட்டாதடா” என்றாள் அக்கா. “ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாரும் கேப்பாங்க. லுத்தரன் வீட்டுல தாயத்தான்னு போதகரு வீட்டுக்கே வந்துருவாரு.”

ஆகவே அரைஞாண் கயிற்றில், வேட்டிக்கு உள்ளே கட்டினேன். காகிதத்தைச் சுருட்டும்போதே அக்கா எட்டிப் பார்த்திருந்தாள். யார் எண் என்று படித்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள்.

ஆடியில் ஆறு நிறையத் தண்ணீர் வந்திருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. இங்கே நண்பகல். என் கையில் ஒரு செம்பட்டைப் பூனை.

“அப்பாவைக் காணும்டா. விடியக்காலம் போனவரு. ஷட்டர் பக்கமெல்லாம் பாத்தாச்சு.”

என் முகத்தைப் பார்த்து மேற்பார்வையாளர் ஹெலன் ஓடிவந்தாள். சொன்னேன். “அடையாளம் ஏதாவது அணிந்திருக்கிறாரா?” என்றாள். ஆமாம், என் எண் அவர் உடம்பில் இருக்கிறது என்றேன். “அப்படியானால் கவலைப்படாதே, கூப்பிடுவார்கள்” என்று முதுகில் தட்டினாள். அவள் நாட்டில் அது சரிதான். பிறகு, அன்பைக் காட்ட அவளுக்குத் தெரிந்த வழியில், பிராணியைத் தொலைத்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் ஆலோசனைத் தாளை என் முன்னே வைத்தாள். உபயோகித்த படுக்கையை வாசலில் போடவும். வாசனை பிடித்துத் திரும்பி வரலாம். கையாலாகாதவனுக்கு எந்தத் தாளும் வேதம். அக்காவைக் கூப்பிட்டு, “அப்பாவோட போர்வைய எடுத்து வாசல்ல போடு” என்றேன்.

“போட்டாச்சுன்னு வச்சுக்க” என்றாள். “பக்கத்துல ஒரு கிண்ணத்துல பாலும் வைக்கவா?”

மறுநாள், “ஆத்துல எறங்கித் தேடுறாங்கடா” என்றாள். அப்போது அவள் குரலில் கேலி இல்லை.

விமானச் சீட்டு பார்த்தேன், வாங்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நான் ஆகாயத்தில் இருக்கும் நேரம் பார்த்து, அப்பாவைக் கண்டெடுத்தவர் தாயத்தைத் திறந்து என்னைக் கூப்பிட்டுவிட்டால்? தொலைபேசி அணைந்திருந்தால்? என் எண்ணுக்கு நானே காவல் இருந்தேன். கழிப்பறைக்கும் அதைக் கையில் எடுத்துப்போனேன். வேலைக்கும் போனேன், வீட்டில் இருக்க முடியாததால். ஒவ்வொரு பீப் சத்தத்துக்கும் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்தச் செம்பட்டைப் பூனைக்கு முன்னங்காலில் சிப் கிடைத்து, அதன் சொந்தக்காரக் கிழவர் வந்து அதைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு அழுதார். “உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?” என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. தீவன மூட்டைகள் இருந்த அறைக்குள் போய், நாய்கள் குரைக்கும் சத்தத்தோடு சத்தமாக நானும் அழுதேன். யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள். “நாகூர்ல இருக்காருடா. உசுரோட இருக்காரு.”

நடந்தது இதுதான். பேருந்தில் ஏறிய அப்பா நாகூரில் இறங்கி, தர்கா பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பாயின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேர் கேட்டால் பதில் இல்லை. சோறு போட்டிருக்கிறார்கள். குளிப்பாட்டி வேறு வேட்டி கட்டிவிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை, கடைக் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பா எழுந்து நின்று, “ஷட்டர எறக்குடா, கடமடைக்குத் தண்ணி போவ வேணாமா?” என்று அதட்டியிருக்கிறார். இவர் வாய்க்காலில் ஷட்டர் பார்த்தவர் என்று பாய்க்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரு லஸ்கருக்குப் போன் போட்டார். அவர் வாய்க்காலில் தனக்கு மேல்பக்கம் இருந்த லஸ்கருக்கு. அப்படியே ஷட்டர் ஷட்டராக, தண்ணீர் வந்த வழியிலேயே எதிர்த்துப் போய், குத்தாலத்தில் ஒருவர், “அது நம்ம அருள்ராஜ் அண்ணனுல்ல” என்றிருக்கிறார்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அப்பாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு பாய்க்கு நன்றி சொல்ல நாகூர் போனோம். அப்பா அதே பெஞ்சில் உரிமையோடு உட்கார்ந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எந்த ஊரு தம்பி?”

மயிலாடுதுறை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ, “மெல்போர்ன்” என்று வந்தது.

“கடமடையா?” என்றார் கவலையோடு. “தண்ணி வந்து சேருதா?”

வருகிறது என்றேன். அவர் நம்பவில்லை.

பாயிடம் தாயத்தைப் பற்றிக் கேட்டேன். “குளிப்பாட்டும்போதே பாத்தேங்க தம்பி. யாரு ஓதிக் கட்டுனதோ, அதைத் தொறக்கலாமா? பழைய கயிறு நைஞ்சு கெடந்துச்சு. புதுக் கயிறு வாங்கி, உங்களோடத அதுல கோத்து, பக்கத்துல எங்களோடது ஒண்ணையும் போட்டுக் கட்டிவிட்டேன்.” இரண்டு செப்புக் குப்பிகள் ஒரே கயிற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. என்னுடையதை மட்டும் கழற்றி, அரக்கைச் சுரண்டித் திறந்து காட்டினேன். காகிதத்தில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. என் வேலைத்திறன் அப்படி.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை நிதானமாகப் படித்தார். எந்த ஊர் எண் என்று கேட்டார். சொன்னேன். அக்கா டீயை ஆற்றி அப்பா கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் தொறந்து பாத்துக் கூப்பிட்டே இருந்தாலும், அங்கேருந்து நீங்க என்ன தம்பி பண்ணியிருப்பீங்க?” என்றார் பாய். “அக்காவுக்குத்தானே போன் போட்டிருப்பீங்க.”