வயிற்றில் வரியுள்ள பறவை

தாய்க்கோழி தொண்டைக்குள் "கொர்ர்" என்று நீளமாக இழுத்தால், மறுகணம் வாசலில் எங்கேயாவது இரத்தம் கிடக்கும். எனக்குப் பதினோரு வயதான அந்த ஆவணியில், நாமக்கல்லுக்கு மேற்கே இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில், கொல்லையை ஒட்டிய "கரடு" என்னும் கற்குன்றிலிருந்து இறங்கிய வல்லூறு ஒன்பது நாளில் ஆறு குஞ்சுகளைத் தூக்கியது. ஆறாவதை வேலிக்கல்லின்மேல் அழுத்தி, அது கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைக் கிழித்ததைப் பத்தடித் தொலைவில் நின்று பார்த்து, நோட்டில் நேரத்தோடு எழுதினேன்: சாம்பல் முதுகு, வயிற்றில் குறுக்குவரி, மஞ்சள் கண்.

பருந்து, கழுகு, வல்லூறு எல்லாவற்றையும் "பெராந்து" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் வீட்டில், எது எதுவென்று பிரித்துச் சொல்பவள் நான் ஒருத்திதான் என்பதால், உண்டிவில்லோடு கிளம்பிய சித்தப்பா என்னையும் அழைத்துக்கொண்டார். கரட்டு வெள்வேல மரத்தில் ஒரு சாம்பல் முதுகு தெரிந்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லு சாமி, அதேதானா?"

"அதேதானுங்க சித்தப்பா. வயித்துல வரி இருக்குதுங்க."

"வாத்தியாரம்மாவே சொல்லிட்டாங்க, அப்பறமென்ன!" என்று சிரித்தபடியே கல்லை விட்டார்.

விழுந்தும் சாகாமல் துடித்ததைப் பாறையில் மூன்று முறை ஓங்கி அறைந்தார். ஒன்றைக் கொன்று தொங்கவிட்டால் அதன் இனம் அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூங்கிலில் தலைகீழாகக் கட்டுவதற்காகக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோதுதான் அந்தக் காலைச் சரியாகப் பார்த்தேன். கொக்கி நகம் இல்லை. பிளந்த வயிற்றிலிருந்து பிதுங்கியவை கடலைச்செடியைத் தின்னும் கம்பளிப்புழுக்கள். வல்லூற்றின் சாயலிலேயே இருக்கும் அக்காக்குயில் அது. சித்தப்பாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. அவர் கட்டி முடிக்கும்வரை காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, அந்தப் பிணத்துக்கு நேர் கீழே, வல்லூறு ஏழாவது குஞ்சை அடித்தது.

"செத்தது மறுக்கா வந்திருச்சா?" என்று அம்மா கேட்க, "இது அதோட சோடிங்க அண்ணி, இதையும் போட்டுட்டாப் போவுது" என்றார் சித்தப்பா. மாதம் முடிவதற்குள் மூங்கிலில் நான்கு தொங்கின. அவற்றில் வல்லூறு ஒன்றுகூட இல்லை.

கரடு பங்காளிகளின் பொதுச்சொத்து. நான் வளர்ந்து பெரியவளான பிறகு, இன்றைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மனை போடுகிறவர்கள் அதைக் கேட்டு வந்தபோது, பெண்பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. "வெறுங் கல்லுத்தானுங்க, அங்க என்ன கெடக்குது?" என்று அவர்களிடம் சொன்னான் என் தம்பி. அங்கே என்ன கிடக்கிறது என்பது, பெயரும் நாளும் நேரமுமாக, என் முப்பது நோட்டுகளில் இருந்தது. அவன் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன். முதல் வெடியிலேயே வெள்வேல மரம் கூட்டோடு சாய்ந்தது; கல் சிதறிக்கொண்டிருந்த புழுதிக்குள் ஒரு வல்லூறு மாலைவரை கத்திக்கொண்டே சுற்றியது; மறுநாள் பொக்லைன் வந்து மிச்சத்தை வழித்தெடுத்தது.

இன்று காலை ஐந்தே முக்கால் முதல் ஏழு மணிவரை, வண்ணக்கல் நட்ட அந்த மனைகளுக்கு நடுவே நின்றிருந்தேன். மாடப்புறாக்கள் இருநூறாவது இருக்கும், தரையெங்கும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட, ஒருமுறைகூட, தலைதூக்கி வானத்தைப் பார்க்கவில்லை.