ராமுத்தாயின் எட்டாவது பாட்டு

ராமுத்தாய் அக்காவின் குரலை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. அவர் பாடி நான் பதிவு செய்த பாட்டுகள் நானூறுக்கு மேல் இருக்கும். முருகன் பாட்டு, ஐயப்பன் பாட்டு, மாரியம்மன் தாலாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு, ரமலான் மாதத்துக்கான பாட்டு, நாட்டுப்புறம், இப்போது யூடியூபுக்கென்று எடுக்கிற காதல் பாட்டு வரை அவர் எதையும் விட்டுவைத்ததில்லை. அத்தனையிலும் அவர் குரலை அழித்தவன் நான்தான். அழிப்பதற்காகவேதான் அவரைக் கூப்பிட்டுப் பாட வைத்தோம்.

என் பெயர் இனிகோ. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஒரு மாடியில் இருபத்தாறு வருடமாக ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். இந்தப் பக்கம் பக்தி ஆல்பம் போடுகிறவர் எவராக இருந்தாலும் சென்னைப் பாடகர்தான் வேண்டும் என்பார். சென்னைப் பாடகருக்கோ உட்கார்ந்து மெட்டுப் பழக நேரம் கிடையாது. அதனால் உள்ளூரில் ஒருவர் முழுப் பாட்டையும் முதலில் பாடி வைக்க வேண்டும். அதற்கு ட்ராக் என்று பெயர். சென்னையில் இருப்பவர் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி பின்னாலேயே பாடி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து அனுப்பிவிடுவார். அந்தக் குரல் வந்து சேர்ந்ததும் ட்ராக்கை அழித்துவிட்டு அதை அங்கே வைப்போம். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பதில்லையா, அது மாதிரி.

அக்காவுக்கு ஊர் அகரம். வீட்டுக்காரர் கண்ணுசாமி செண்டுமல்லியும் கத்தரியும் போடுகிற வெள்ளாமைக்காரர். ஒரு மாரியம்மன் ஆல்பத்துக்கு ட்ராக் பாட வரவேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டதால், என்னிடம் உடுக்கை வாசிக்க வந்த தாடிக்கொம்புக்காரர், எங்கள் பக்கம் கும்மி பாடுகிற ஒருவர் இருக்கிறார் என்று அழைத்து வந்தார். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படித்தார். ஆனால் ஒரு மெட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது தடவை அவர் பாடுவார். நான் அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

ட்ராக் பாடுகிறவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சங்கதி போடக் கூடாது. உருகக் கூடாது. மெட்டைச் சுத்தமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பெரிய பாடகர் தன் இஷ்டத்துக்கு அலங்காரம் செய்துகொள்வார். அக்கா இதைச் சட்டமாகவே வைத்திருந்தார். "நான் சோத்த மட்டும் வடிச்சு வச்சிட்டுப் போறேன் தம்பி, வெஞ்சனத்த அவுக வச்சுக்கிறட்டும்" என்பார். பாடி முடித்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், செருப்பை மாட்டுவார், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவார். பாடியதைப் போட்டுக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அழியப் போவதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, நானும் கேட்டதில்லை.

எனக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு தடவை கிறிஸ்துமஸ் ஆல்பம் ஒன்றில் அக்காவின் குரல் இரண்டு சொல் அளவுக்கு அடியில் தங்கிவிட்டது. வெளியான பிறகு யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, பாடிய அம்மையார் போனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து, சென்னைக் குரல் வந்தவுடன் "ராமு" என்று பெயர் போட்ட ஃபைல் ஒன்று விடாமல் துடைத்துவிடுவேன். கம்ப்யூட்டரின் குப்பைக் கூடையையும் காலி செய்துவிடுவேன். அவர் குரலுக்கு நகல் எடுத்து வைத்ததே கிடையாது. சென்னைக்கு அனுப்புகிற ட்ராக்கைத் தவிர, வெளியீட்டுக்கு முன்னால் ஒரு நொடிச் சத்தம்கூட ஸ்டூடியோவை விட்டு வெளியே போகாது. என்னை எல்லோரும் ஒழுங்கான ஆள் என்பார்கள். எனக்கு அதில் பெருமையும் உண்டு.

போன ஆண்டு ஆடியில் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். மதுரையில் பார்த்த டாக்டர், கட்டி மூச்சுக்குழலை அழுத்துகிறது, எடுக்காமல் விட முடியாது, குரல் நரம்பை ஒட்டியிருப்பதால் எடுத்த பிறகு குரல் பழையபடி வருமென்று உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். புரட்டாசி கடைசியில் நாள் குறித்தார்கள். அக்கா நேராக என்னிடம் வந்தார். வழக்கமாகப் பாடுகிற மைக்குக்கு முன்னால் உட்காராமல் சோபாவில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருடத்தில் என்னிடம் அவர் எதுவும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு பாட்டு தம்பி. எங்குரல்ல, எம்பேர்ல. கத்தி வைக்கிறதுக்கு முந்தி பாடிப்புடணும்."

நான் செம்பட்டிக்குப் போனேன். அங்கே தேங்காய் மண்டி வைத்திருக்கும் பாண்டியராஜ் நேர்ந்துகொண்டு வருடா வருடம் பழனி பாதயாத்திரைக்கு ஓர் ஆல்பம் போடுகிறவர். எட்டுப் பாட்டு. தைப்பூசத்துக்கு நடக்கிற கூட்டத்தோடு போகும் வேன்களில் அவர் பாட்டுதான் அலறும். மெட்டெல்லாம் நான் போட்டது. ஏழு பாட்டைச் சென்னைப் பாடகி பாடட்டும், எட்டாவதை ராமுத்தாய் அக்கா பாடட்டும் என்றேன். கொஞ்சம் இழுத்தார். பாட்டு கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்றார். நான் பொறுப்பு என்றேன். அட்டையிலும் அவர் பெயர் போட வேண்டும் என்றதற்குத் தலையாட்டினார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ரெக்கார்டிங் வைத்தோம். பிள்ளைக்காகப் பால்குடம் சுமந்து நடக்கிறவள், பிள்ளை பிழைக்க மாட்டான் என்று பாதி வழியில் தெரிந்த பிறகும் குடத்தை இறக்காமல் நடக்கிற பாட்டு அது. முதல் தடவை அக்கா பாடியது ட்ராக். சுத்தமாக, நேராக, யாருக்கோ வழிவிட்டுப் பாடினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருக்கு வடிச்சு வைக்கிறீங்க, வேற எவளும் வரப் போறதில்ல, வெஞ்சனத்தையும் நீங்கதான் வைக்கணும் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். இரண்டாம் தடவை பயந்து பயந்து ஒரு சங்கதி போட்டார், பாதியில் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது தடவை பாடினார். எப்படிப் பாடினார் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கடைசிச் சரணத்தில் குரல் ஓரிடத்தில் லேசாகக் கீறிற்று. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தி மறுபடி பாடச் சொல்லியிருப்பேன். எனக்குக் கை வரவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்த அக்காவிடம் ஹெட்போனை நீட்டினேன். வேண்டாம் என்றார். அன்றாவது கேட்டிருக்கலாம்.

"ரிலீஸ் ஆனப்புறம் கேட்டுக்கிறேன் தம்பி. வீட்டாளுக எல்லாரோடயும் சேந்து."

தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நான் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டுக்குப் பெயர் போட்டேன். இருபத்தைந்து வருடமாக அவர் குரலுக்கு என்ன பெயர் போட்டேனோ அதே பெயர். ராமு எட்டு.

இதற்கு மேல் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐப்பசியில், அக்காவே ட்ராக் பாடி அனுப்பியிருந்த மற்ற ஏழு பாட்டும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தன. ராமு ஒன்றிலிருந்து ராமு எட்டு வரை ஒரே பிடியாகப் பிடித்து அழித்தேன். குப்பையையும் காலி செய்தேன். யோசித்துச் செய்யவில்லை, வேலை முடிந்ததும் கையைத் துடைக்கிறோமே, அப்படிச் செய்தேன். அதே டிஸ்கில் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பத்தின் வேலையை இரண்டு நாள் ஏற்றினேன். மூன்றாம் நாள் எட்டாவது பாட்டைத் திறந்தால் நாதஸ்வரம் வந்தது, உடுக்கை வந்தது, குரல் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

டிஸ்கைக் கழற்றிக்கொண்டு மதுரைக்கு ஓடினேன். இதற்கென்றே கடை வைத்திருக்கும் அஸ்பாக் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். அழித்ததோடு விட்டிருந்தால் மீட்டிருக்கலாம், மேலேயே வேறு எழுதிவிட்டீர்களே என்றார்.  மீட்டுக் கொடுத்ததில் நாலு நொடி இருந்தது. அதுவும் முதல் தடவை பாடிய ட்ராக்கிலிருந்து வந்தது. என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் வரிசையில் நிற்கலாம், முதல் ஆளாக நான் நிற்கிறேன்.

சொல்லிவிடுவது என்றுதான் அகரத்துக்குப் போனேன். அந்தோணியார் சத்தியமாக அதற்குத்தான் போனேன். அக்கா கழுத்தில் துணி சுற்றிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. குரல் திரும்புகிறதா என்று ஆறு மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதைக் கண்ணுசாமி அண்ணன் சொன்னார், சொல்லும்போதே அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. அலமாரியில் புது ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று அட்டை பிரிக்காமல் இருந்தது. பாட்டு வருகிற அன்று பிரிக்க வேண்டுமாம். அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பாட்டு நல்லா வந்துச்சா என்று காற்றில் கேட்டார்.

நல்லா வந்திருக்குக்கா என்றேன்.

நடந்ததைச் சொன்னபோது பாண்டியராஜ் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சென்னைப் பிள்ளையே எட்டையும் பாடட்டும், அட்டை அச்சாகிவிட்டது, பெயர் ராமுத்தாய் என்றே இருக்கட்டும், அந்த அம்மாவுக்கும் சந்தோஷம் என்றார். எனக்கு அப்போது அது நல்ல யோசனையாகப் பட்டது. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மெட்டைக் கீபோர்டில் வாசித்து அனுப்பினேன். அக்கா போட்ட சங்கதிகளில் நினைவிருந்ததையெல்லாம் விரலால் வாசித்துக் காட்டினேன். பவித்ரா என்று பெயர் அந்தப் பெண்ணுக்கு. நல்ல குரல்தான். கொஞ்சம் கனமாகப் பாடச் சொன்னேன், பாடினாள். தான் பாடியதைக் கேட்டேயிராத அக்கா, ஸ்டூடியோவில் மெருகு போட்டால் குரல் இப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொள்வார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு காலை செம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. இப்போது யார் வீட்டிலும் சி.டி. போட வழியில்லை, எல்லோருக்கும் பென் டிரைவும் யூடியூபும்தான். ஆனாலும் மேடையில் ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்க ஏதாவது வேண்டுமே என்று பத்து சி.டி. மட்டும் அட்டை போட்டு வைத்திருந்தோம். கண்ணுசாமி அண்ணன் சலவை வேட்டியில் வந்திருந்தார். அகரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள். பாண்டியராஜ் அக்காவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தி, இருபத்தைந்து வருடம் திரைக்குப் பின்னால் பாடியவர் இன்றைக்கு முன்னால் வந்திருக்கிறார் என்று மைக்கில் சொன்னார். மண்டபம் கை தட்டியது. அக்கா கும்பிட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எட்டாவது பாட்டைப் போடச் சொன்னார்கள். நான் போட்டேன்.

முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மடியில் இருந்த சி.டி. அட்டையைப் பார்த்தார், தன் பெயர் அச்சாகியிருந்த இடத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போலப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தபடி பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணுசாமி அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பொண்டாட்டி குரல் புருஷனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நான் நம்பியதைத்தான் அவரும் நம்பினார், மெருகு போட்ட குரல் இப்படித்தான் இருக்கும் என்று. போய்விட்ட குரல் எங்கேயாவது பத்திரமாக இருக்க வேண்டும் என்றும் அவருக்கு இருந்திருக்கும்.

பாட்டு முடிந்ததும் அகரத்து ஆட்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவர் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அக்கா கூட்டத்துக்கு மேலாகக் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் குனிந்தேன். அவர் பேசுவது என் காதுக்கு மட்டும்தான் கேட்டது.

"நல்லாப் பாடியிருக்கு. யாரு தம்பி அந்தப் புள்ள?"

பெயரைச் சொன்னேன். தலையாட்டினார்.

"எம்பாட்டு எங்க?"

"அழிஞ்சிருச்சுக்கா. நாந்தேன் அழிச்சேன். தெரியாம."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவதற்கும் குரல் வேண்டும். கண்ணுசாமி அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி என் காதருகே வந்தார்.

"இவுகளுக்குத் தெரிய வேணாம். கூட ஒருக்காப் போடுங்க, கேக்கட்டும்."

நான் மேடையோரம் போய் அந்தப் பாட்டையே மறுபடி போட்டேன். அக்கா உறவுக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பாராட்டினபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.