வாளி இறங்காத இருபது நாட்கள்

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று அக்காவின் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். கூடப் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு. தகுதி உண்டா என்பதைப் படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

அக்கா பிறந்த ஊரை இன்று யாருக்கும் காட்ட முடியாது. அந்த இடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்ப் பல காலம் ஆகிறது. எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்களுக்கென்று நிலம் இல்லாததால் ஊரை எடுத்தபோது எங்களிடம் எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அக்கா ஐந்தாவதோடு பள்ளியை விட்டார். சுரங்க ஊழியர்களுக்கென நகரியத்தில் பிளாக் பிளாக்காக குவார்ட்டர்ஸ் எழும்பிய காலத்தில் அங்கே மண் சுமந்தார். பிறகு தையல் கற்றுக்கொண்டு, பழைய மிஷின் ஒன்றை வாங்கி, குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். மிஷின் மக்கர் செய்தால் யாரையும் தேட மாட்டார். வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, கோழி இறகால் துடைத்து, அதே வரிசையில் திருப்பி மாட்டுவார். என்னைப் படிக்க வைத்ததும், சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலைக்கு அனுப்பியதும் அந்தத் தையல்தான்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, அப்போது ஒரு மண் வேலை கான்ட்ராக்டரிடம் டிரைவராக இருந்தார். மாமா ஓட்டுவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால், வாளியின் பல் அந்தக் கோட்டைத் தொடும், தாண்டாது. கான்ட்ராக்டர் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போனபோது, முன்னால் மண் வாரும் வாளி பொருத்திய ஒரு சின்ன வெளிநாட்டு டிராக்டரை விற்றுவிட்டுப் போனார். மாமாவும் அக்காவும் இருந்ததையெல்லாம் திரட்டி அதை வாங்கினார்கள். நகரியத்தில் தோட்டம் சமன் செய்வது, பக்கத்து ஊரான வடக்குத்தில் மனை மேடாக்குவது என்று அதற்கு வேலை வந்துகொண்டே இருந்தது.

வடக்குத்தை ஒட்டி அவர்கள் வீடு கட்டிய மனை பள்ளம். அறுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து பின்பக்கச் சுவர் விழுந்தது. இரண்டு குழந்தைகளையும் தையல் மிஷினையும் கயிற்றுக் கட்டிலில் ஏற்றிவைத்து அக்கா மூன்று நாள் தண்ணீரில் நின்றார். சுவரை மறுபடி மண்ணால் எழுப்பினார்கள். அடுத்த மழைக்குள் மனையைச் சுற்றி இடுப்பளவு கரை போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த முறை வீடே நிற்காது. ஊருக்கெல்லாம் மண் வாரிய டிராக்டர், அடுத்த ஆண்டு புரட்டாசிக் கடைசியில்தான் சொந்த வீட்டுக்கு மண் வார வந்தது. நான் இனி சொல்லப்போவது அந்த ஆண்டு நடந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், டிராக்டரைக் கழுவி அலங்கரிக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் காக்கிச் சட்டை போட்டு ஸ்பேனர் பிடித்த முதல் ஆள் நான். அந்த மிதப்பு எனக்கு அப்போது தலைக்கு மேல் இருந்தது.

வாளியைத் தூக்க ஒரு லீவர் உண்டு. அதன் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புக் கட்டை, அதுதான் வால்வு. அதற்குள்ளிருந்து விரல் கனத்தில் ஒரு பளபளப்பான தண்டு வெளியே நீளும். லீவரை இழுத்தால் தண்டு நகர்ந்து, எண்ணெய் போய், வாளி மேலே ஏறும். கையை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தண்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும், வாளி அங்கேயே நிற்கும். தூசி படாமல் இருக்க அந்தத் தண்டின் மேல் ஒரு ரப்பர் உறை மாட்டியிருப்பார்கள்.

நான் அந்த உறையைக் கழற்றி வைத்தேன். தண்டைக் கெரசின் போட்டுக் கண்ணாடி மாதிரித் துடைத்தேன். மறுநாள் குழைத்த சந்தனத்தை அதன் மேல் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். மற்ற இடத்தில் வைத்ததைவிட அங்கேதான் தாராளமாக வைத்தேன். உறையைத் திருப்பி மாட்டினால் பொட்டு மறைந்துவிடுமே என்று அப்படியே விட்டேன். பெயிண்ட் அடித்த இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும், பளபளக்கும் தண்டில் வைக்கவே கூடாது என்பது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற விஷயம். தெரிந்தும் செய்தேன். அங்கே பொட்டு வைத்தால்தான் சாமிக்குத் தெரியும் என்று நினைத்தேனோ என்னவோ.

விஜயதசமியன்று மாமா நல்ல நேரம் பார்த்து வண்டியை எடுத்து நான்கு வாளி மண் வாரிப் போட்டார். மூன்றாம் நாள் காலையில் வாளியைத் தூக்க இழுத்த லீவர் திரும்பவில்லை. வாளி ஏறிக்கொண்டே போனது. எஞ்சின் திணறி, குழாய் மூட்டில் எண்ணெய் பீய்ச்சியது. எதிரில் குழந்தைகள் நிற்பதைப் பார்த்த மாமா பதறிப்போய் லீவரைக் காலால் உதைத்தார். அது அடியோடு வளைந்து, அதைத் தண்டோடு பூட்டும் இணைப்பு முள் முறிந்து, முள் நுழையும் கவை விண்டுவிட்டது. வாளி தலைக்கு மேல் நின்றபடியே எஞ்சின் அணைந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த நான், வளைந்த லீவரைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "இது என்னா ஏர் மாடா மாமா, ஒதைச்சா நகர்றதுக்கு? ஒங்க கால் செஞ்ச வேலைதான் இது." அக்கம்பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கூடி நின்ற இடத்தில் அப்படிச் சொன்னேன். லீவர் தானாக முதலில் மாட்டிக்கொண்டதாக மாமா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். உடைத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் அவர் வாயை அடைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது என் வைத்தியம். வாளிக்கு அடியில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் இரண்டு ஸ்லீப்பர் கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு, லீவரைக் கழற்றி சைக்கிளில் வைத்து முத்தாண்டிக்குப்பத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் நிமிர்த்தினேன். கவைக்கு வெல்டிங் வைத்தேன். ஒரு போல்ட்டை அராவி முள் செய்தேன். மாட்டினால் லீவர் அசையவில்லை. நிமிர்ந்தது போதவில்லை என்று மறுபடி பட்டறை. இரண்டாம் முறை நிமிர்த்தியதில் வேறு பக்கம் வளைந்தது. முள் இறுக்கம் என்று மெலிதாக அராவினேன், ஆட்டம் கண்டது. புதிதாக இன்னொன்று செய்தேன். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வருவேன், அந்த வாளி ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம், இன்னும் எறங்கலியா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலையும் மாமா மேல்தான் கொட்டினேன்.

மழை நான்கைந்து முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மாமாவும் அக்காவும் மண்வெட்டியும் கூடையுமாகக் கரை போட்டார்கள். நாள் முழுக்கச் சுமந்தால் வண்டி பத்து நிமிடத்தில் வாருகிற மண் சேரும். அந்த மண்ணும் ஒரு நல்ல மழைக்குக் கரைந்து ஓடியது. மாமா யாரோடும் பேசுவதை விட்டுவிட்டார்.

அக்கா ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லீவருதான் கோளாறுன்னா, நிமித்தினப்பவே சரியாயிருக்கணும் இல்ல? அந்தக் கட்டைக்குள்ளாற என்னமோ மாட்டிகினு இருக்குது. தொறந்து பாருடா." அது தையல் மிஷின் இல்லை, ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் திறந்தால் திருப்பி மாட்டத் தெரியாதோ என்று எனக்குப் பயம். நான் அப்போது கான்ட்ராக்டில்தான் இருந்தேன். பெர்மனன்ட் ஆகும் பட்டியலில் என் பெயர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். சின்ன டிராக்டர் லீவரைச் சரி செய்யத் தெரியாதவன் என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று ஒர்க்‌ஷாப்பில் யாரிடமும் யோசனைகூடக் கேட்கவில்லை.

இருபதாம் நாள், காலை ஷிப்ட் முடிந்து வந்தால், அக்கா வால்வைத் திறந்து வைத்திருக்கிறார். ஸ்லீப்பர் கட்டைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு முட்டு. கீழே வெள்ளைத் துணி. மூடி, போல்ட், ஸ்பிரிங், வாஷர், ரப்பர் வளையம், தண்டு எல்லாம் வரிசையாக இருந்தன. மாமா மண்வெட்டியோடு தூரத்தில் கரை மேல் இருந்தார். நான் கத்தத் தொடங்கியதும் அக்கா ஒரு கந்தையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு."

எண்ணெய் நாற்றத்தை மீறிக்கொண்டு சந்தனம் மணத்தது. கந்தையில் மஞ்சளும் சிவப்புமாகக் களிம்பு அப்பியிருந்தது. காய்ந்த சந்தனம் தண்டோடு உள்ளே போய், ரப்பர் வளையத்தில் இறுகி, தண்டை அசைய விடாமல் பிடித்திருக்கிறது. மாமா சொன்னது அவ்வளவும் நிஜம். அவர் உதைப்பதற்கு முன்பே அது மாட்டிக்கொண்டுவிட்டது. மாட்ட வைத்தவன் நான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயே அவருகிட்ட சொல்லிடு. நான் சொன்னா, பொண்டாட்டி தேத்தறான்னு நெனச்சிக்குவாரு. ஒன் வாயால வந்தாத்தான் நம்புவாரு," என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இருவரும் எல்லாவற்றையும் கெரசினில் கழுவி, அக்கா வைத்திருந்த வரிசையிலேயே மாட்டினோம். முட்டுக்களை எடுத்து, எஞ்சினைக் கிளப்பி, லீவரைத் தள்ளினேன். வாளி மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. கையை எடுத்தேன், லீவர் நடுவுக்குத் திரும்பியது. சத்தம் கேட்டு ஓடி வந்த மாமாவை ஏறச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார். "வேணாம் மச்சான், நீயே ஏறு. என் கைக்கு அது ஆவாது."

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏறி உட்கார்ந்து வண்டியை ஓட்டினேன்.

இரண்டு நாளில் கரை எழும்பியது. மூன்றாம் நாள் அடைமழை பிடித்தது. மூன்று பக்கமும் தண்ணீர் நின்றும் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மாமா உடைத்ததை மச்சான் சரி செய்துவிட்டான் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. அந்தப் புகழை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமா அதற்குப் பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. டிராக்டரை விற்றார்கள். கோட்டைத் தொட்டுக் கோட்டைத் தாண்டாமல் வாளியை நிறுத்திய மனிதர் ஒரு கிடங்கில் காவலாளியாகப் போய் உட்கார்ந்தார். சைக்கிள் செயின் கழன்றாலும் அடுத்தவரைக் கூப்பிடுவார். மகன் ஸ்கூட்டர் வாங்கியபோது ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினான், இரும்புக்கும் எனக்கும் ஆகாது என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அக்கா தன் தையலைக் கொண்டே பிள்ளைகளைக் கரையேற்றினார். நான் பெர்மனன்ட் ஆன அன்று சொல்லிவிட்டாயா என்று அக்கா கேட்டார். என் கல்யாணத்தின்போது கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். என்மேல் பாசம் மட்டும் குறையவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைப் பிடித்துக் கேட்டார். "சொல்லிட்டியாடா?"

சொல்லிவிட்டேன் என்றேன்.

"என்னா சொன்னாரு?"

"சிரிச்சாருக்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தலையசைத்தார். அதற்கு மறுநாள் போய்விட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த வடக்குத்து அண்டை வீட்டாருக்கும், மழையிலும் சுடுகாடு வரை கூட வந்த ஒர்க்‌ஷாப் நண்பர்களுக்கும், இன்று தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒரு வேலை உங்களிடம் கேட்கிறேன். மாமாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, எழுத்துத் தெரியாது. உங்களில் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதை முழுவதும் படித்துக் காட்டுங்கள். வண்டியைக் கெடுத்தவன் நான், அவர் கை அல்ல என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நான் எழுந்து போக மாட்டேன். அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.