பிரித்துவிட்ட மடிப்புகள்

மலேசியாவில் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்றபின் ஈப்போ நகரத்துக்கு வந்தவர்கள் நாங்கள். தஞ்சோங் ரம்புத்தான் போகும் சாலையோரம் வாடகை வீடு. எண்பதுகளின் நடுவில் என் அறை பறிபோனது. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த ஓர் அம்மாவையும் அவர் மகளையும் அப்பா கோயிலில் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் மகளின் வெள்ளைப் பள்ளிச் சீருடை ஒன்று இருந்தது. இங்கே பள்ளியில் சேர்க்கக் காகிதம் கேட்டார்கள், மலாயில் சூராட். "சூராட் இல்லாம எப்படிலா சேப்பாங்க?" என்று அப்பா அலைந்து அலைந்து அலுத்துப்போனார். அந்த அம்மா அலுக்கவில்லை. தினமும் காலையில் சீருடையை இஸ்திரி போட்டு, மகளுக்கு மாட்டி, இரட்டைப் பின்னல் பின்னி, என் படிப்பு மேசை முன் உட்கார வைத்துவிடுவார். மதியம் வரை அதுதான் பள்ளிக்கூடம்.

"யாரு பாக்கப் போறா?" என்று ஒருநாள் வெடுக்கென்று கேட்டேன்.

"நாளைக்கே வரச் சொன்னாலும் பிள்ளை உடன வெளிக்கிடோணும்" என்றார்.

பிள்ளை வளர்ந்தாள். அவர் கீழ்மடிப்பைப் பிரித்துப் பிரித்து நீட்டினார். பிரித்த இடமெல்லாம் கோடு விழுந்தது. மூன்றாவது கோட்டோடு பிரிக்க மடிப்பில்லை. முட்டி தெரிய ஆரம்பித்தது.

அந்த வாரம்தான் கடிதம் வந்தது. பின்னால் வருகிறேன் என்று அங்கேயே நின்றுவிட்ட அவர் கணவரை யாரோ பிடித்துப் போனார்களாம், மாதக்கணக்கில் தகவல் இல்லையாம். எங்கள் வீட்டில் அதை முடிவாகவே எடுத்துக்கொண்டார்கள். புருஷன் போனால் கூடப் பிறந்தவன் வெள்ளைக் கோடி கொண்டு வரவேண்டும். "உங்கள அண்ணை அண்ணைன்னு வாய் நெறைய கூப்புடுது. இங்க அதுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?" என்று அம்மா அழுதாள். அப்பா தடித்த வெள்ளைப் பருத்திச் சேலை வாங்கி வந்தார். தட்டில் வைத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா நெற்றியில் குங்குமத்தோடு தட்டையே பார்த்தார். கதறப் போகிறார் என்று நினைத்தேன். சேலையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"நல்ல துணி, அண்ணை" என்றார். "அக்கா, கத்தரிக்கோலை ஒருக்கா தாங்கோ."

எங்கள் கண்ணெதிரே நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, மகளின் சீருடை அடியில் வைத்துத் தைத்தார். அப்படி ஒரு தைரியத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அம்மா ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து ஒரு தலைமையாசிரியை அந்தப் பிள்ளையைக் காகிதம் இல்லாமலே சேர்த்துக்கொண்டார். இங்கே சீருடை நீல கவுன், உள்ளே வெள்ளைச் சட்டை. என் பழைய கவுன் அவளுக்குச் சரியாக இருந்தது. மிச்சமிருந்த சேலையில் அந்த அம்மா இரண்டு சட்டை தைத்தார். ஒன்று என் அளவு.

திங்கட்கிழமை காலை அதை என் கையில் பார்த்த அம்மா பதறினாள். "கோடித் துணிடி அது! கன்னிப் பொண்ணு போடலாமா?"

நான் கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.