அம்மாவுக்கு ஒரு கடலை மிட்டாய்

"மென்னுக்கிட்டே இருங்க. நான் சொல்லுற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது" என்று அம்மாக்களின் கையில் கடலை மிட்டாயைத் திணித்த பிறகுதான் யோகேஸ்வரி டீச்சர் பிள்ளையின் பக்கம் திரும்புவார். பேச்சு வராத பிள்ளைகளைத் தேடிப் பள்ளி பள்ளியாகப் போகும் சிறப்பாசிரியை. பிள்ளை வாய் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடும் அம்மாக்களால் நொந்துபோனவர். இத்தனைக்கும் டீச்சரே பெரிய வாயாடி. சிவகாசியில் பஸ் ஏறினால் தாயில்பட்டி வரை கண்டக்டருக்குக்கூடப் பேச வழியிருக்காது.

பிள்ளைகளுக்குக் காட்டிப் பேசவைக்க, கைப்பை நிறைய அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் படங்கள். அலுவலகம் கொடுத்த படங்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பனியில் சறுக்குகிறார்கள்; அவற்றை அலமாரியில் பூட்டிவிட்டார். கூடவே வந்த, இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்த பேச்சுச் சோதனைக் கேள்வித்தாள் மீதும் அவருக்குக் கோபம்தான். "இங்கிலீஷ் பிள்ளை இடறுற எடத்துலதான் நம்ம பிள்ளையும் இடறுமா? தமிழ்ல பள்ளம் வேற எடம், தெலுங்குல வேற எடம்" என்பார்.

அன்று காலை, தாயில்பட்டியில் பட்டாசு கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு கூட வேலை பார்க்கும் என்னையும் இழுத்துப் போனார். இரண்டாம் வகுப்பு பிரீத்திகா பள்ளியில் வாயே திறப்பதில்லை. "வீட்ல தெலுங்குல்லா, போகப்போக வந்துரும்" என்று இரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தார்கள். தமிழ்தான் புதிதா, பேச்சே தடுமாறுகிறதா? தெலுங்கில் பேசவைத்துக் கேட்டால்தான் தெரியும். டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது. தெலுங்கு தெரிந்த அவள் அம்மா பாண்டிலட்சுமி, வேலைக்குப் போகும் வேன் வரும்வரைதான் கிடைப்பாள்.

"படத்துல என்ன நடந்துச்சுன்னு தெலுங்குல கேளுங்க" என்றார் டீச்சர். பாண்டிலட்சுமி கேட்டாள். உடனே அவள் கையில் மிட்டாய். படத்தில் நாய், கவிழ்ந்த பால் செம்பு, அழும் பாப்பா.

"குக்க" என்றாள் பிரீத்திகா. நாய். வெகுநேரம் கழித்து, "பாலு." அடுத்தடுத்த படங்களுக்கும் இப்படியே ஒற்றை ஒற்றைச் சொல்.

பாண்டிலட்சுமி மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "டீச்சர், எங்க பாஷையிலயும் வரலயே! வீட்ல நல்லாத்தான பேசுவா?"

"பேசுனது நீங்க, தாயி. அவ கை காமிச்சா மிச்சத்த நீங்கல்லா சொல்லிருவீக."

"பிடிவாதம்னு அடிச்சிட்டேனே." கண் நிறைந்துவிட்டது. "இனிமே வருமா?"

"கொஞ்சம் கொஞ்சமா வரும். வாராவாரம் நான் வாரேன். நீங்க பொறுத்துக் கேக்கணும், அம்புட்டுத்தான்."

வேன் வந்து ஹாரன் அடித்தது. பிரீத்திகா முதல் படத்தை மறுபடி எடுத்து, "குக்க... பாலு..." என்று நிறுத்தி, அம்மாவைப் பார்த்தாள். பாண்டிலட்சுமி வாயைத் திறந்தாள்; மூடினாள்; டீச்சரிடம் கை நீட்டினாள். டீச்சர் கடைசி மிட்டாயை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவளிடம் கொடுத்து, மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.