வேறொரு பெயரின் கீழ் என் தங்கை

குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடுகள் கட்டும் இடத்தைத் தாண்டி, கோணி விரித்துப் பழைய தாள்களும் பத்திரிகைகளும் விற்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெங்களூர்ப் பக்கம் சேர்த்த மூட்டைகளைப் பிரித்துப் போட்டு, தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு சந்தை நாளில், அந்தக் கோணியில் ஒரு விஞ்ஞான மாதப் பத்திரிகையின் பழைய இதழ் கிடந்தது. அட்டையில் மாதத்தையும் வருஷத்தையும் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முந்தைய ஆண்டு எங்களுக்கு வராமல் போன இதழ் அதுதான்.

எங்களுக்கு என்றால், எனக்கும் அக்காவுக்கும். அக்கா கூடப்பிறந்தவரல்லர். கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், பட்டம் பெற்றவர், பெற்றோருக்கு ஒரே பிள்ளை. நான் நாகரசம்பட்டி விவசாயக் குடும்பத்துப் பெண். சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை. இருவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். தபாலில் வரும் அந்தப் பத்திரிகையை அவர் முதலில் படித்துவிட்டு என்னிடம் தருவார். எனக்குப் புரியாத பக்கங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவார்.

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் மாந்தோப்பில் சிவப்பு எறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுவதைப் பார்த்தேன். ஓர் எறும்பு தன் இனத்துக் குட்டிப் புழுவை வாயில் கவ்வி, இரண்டு இலைகளின் ஓரங்களுக்கு இடையே மாற்றி மாற்றிக் கொண்டுபோனது. புழுவிலிருந்து வந்த மெல்லிய நூல் இலைகளை ஒட்டியது. என் தங்கைதான் முதலில் கண்டு என்னைக் கூப்பிட்டாள். இருவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றோம். அதைக் கட்டுரையாக எழுதி, திருத்தி அனுப்பும்படி அக்காவிடம் கொடுத்தேன். பத்திரிகையிலிருந்து பதில் வரவில்லை. "பிடிக்கலைன்னா பதில் போட மாட்டாங்க, மனசைத் தளர விடாதே" என்றார் அக்கா. அடுத்து ஒரு மாதம் பத்திரிகையும் வரவில்லை. தபால்காரரிடம் நானே போய்க் கேட்டேன். பெரிய டீச்சரம்மா கையிலேயே கொடுத்தேனே என்றார் அவர். அக்காவோ தன் கைக்கு வரவேயில்லை என்றார். நான் அக்காவை நம்பினேன்.

அந்த இதழைத்தான் சந்தையில் நின்றபடி புரட்டினேன். எறும்புக் கட்டுரை இருந்தது; தலைப்பின் கீழே அக்காவின் பெயர், பட்டத்தோடு. நடுவில் இப்படி ஓர் இடம்: "என் தங்கை கோணி தைக்கும்போது இடது கையில்தான் ஊசி பிடிப்பாள். நூல்முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள். தைக்கிற எறும்புக்கும் வாய் ஓய்வதில்லை." ஒரு சொல்லும் மாறவில்லை.

கட்டுரை வந்ததற்கும் நான் அதைப் பார்த்ததற்கும் இடையில் தங்கை பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். அக்கா பஸ் பிடித்து நாகரசம்பட்டிக்கு வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரியம் முடியும்வரை எங்களோடு இருந்து எனக்குச் சோறு ஊட்டினார். அப்போதெல்லாம் அந்த இதழ் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அன்று அறைக்குத் திரும்பி இதழை அவர் முன்னால் வைத்தேன். "இது எங்க கிடைச்சுது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிறகு சொன்னார்: "உன் பேர்ல போயிருந்தா படிச்சே பார்த்திருக்க மாட்டாங்க. வந்தப்புறம் உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"தங்கச்சி போனப்பகூடவா சொல்லத் தோணல?"

"அப்ப எப்படிடி சொல்லுவேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். பத்திரிகைக்கு எழுதித் திருத்தம் போடச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். நான் வேறு அறை பார்த்துப் போனேன். பின்னால் ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அங்கே வாசகசாலையில் மாதாமாதம் பத்திரிகையைப் புரட்டினேன். திருத்தம் வரவேயில்லை. எறும்புகளைப் பற்றி வேறொன்று எழுதச் சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் அவரையே கேட்டிருந்ததாகப் பழைய பள்ளியிலிருந்து கேள்விப்பட்டேன். அவர் ஒன்றும் எழுதவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தங்கை வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். எழுதியது நான்தான் என்றதும் முகம் மலர்ந்தது.

"உம்பேரு எங்க போட்டிருக்குது கண்ணு, காட்டு" என்று விரலை நீட்டினாள்.

எந்த எழுத்தைத் தொட்டுக் காட்டியிருந்தாலும் நம்பியிருப்பாள். என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அம்மா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"அப்போ எழவுக்கு வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்களே, இதெல்லாம் தெரிஞ்சுதான் அழுதாங்களா?"

ஆமாம் என்றேன். அதன்பின் அம்மா அக்காவைப் பற்றி விசாரித்ததே இல்லை. அந்த அழுகை பொய்யென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் ஆறவில்லை. அம்மாவும் போய்ப் பல வருஷமாகிறது. இப்போதும் துக்க வீட்டில் யாராவது என் கையைப் பற்றிக்கொண்டு அழுதால், ஒரு கணம் நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் அழுகிறேன்.